லாக்டவுன்ல வீடு எப்படி ஓடுச்சுன்னு மளிகைக் கடைக்காரன்ட்ட கேட்டா

தேடுனா டல்கோனா காபியும் கை தட்டுன வீடியோவும் தான் வருது, 2020 லாக்டவுன்ல சென்னைல ஒரு சாதாரண வீடு தினப்படி எப்படி ஓடுச்சுன்னு யாராவது விவரமா சொல்லுங்க, அப்போ நான் ஆறாவது, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு வேணும்னு கேட்டிருக்கீங்க தம்பி. நான் சொல்றேன். நான் டாக்டர் இல்ல, அதிகாரியும் இல்ல, சென்னைல மளிகைக் கடை வச்சிருக்கேன், அப்பா காலத்துக் கடை. அந்த நேரத்துல ஊர்ல பாதிப்பேரு அடுத்த வீட்டு ஆளைக்கூட பாக்கல, ஆனா எந்த வீட்ல எத்தனை பேரு சாப்பிடுறாங்க, யாருக்கு சம்பளம் வந்துச்சு, யாருக்கு வரலன்னு எங்களுக்குத் தெரியும். லிஸ்ட்ட பாத்தாலே தெரிஞ்சிடும்.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதுல இருந்து தான் வரும். பணக்காரன் ஏழைன்னு எல்லாரும் பிரிச்சுப் பேசுவாங்க, நான் கடைல நின்னு பாத்த பிரிவு வேற. மாச லிஸ்ட் போடுற வீடு, அன்னன்னைக்கு வாங்குற வீடு. மாச லிஸ்ட் வீடுன்னா அரிசி 25 கிலோ மூட்டை, துவரம்பருப்பு ரெண்டு கிலோ, எண்ணெய் அஞ்சு லிட்டர் கேன், ஒன்னாந்தேதி வாங்கிப் போட்டா அப்புறம் நடுவுல கொத்தமல்லி பால்னு தான் வருவாங்க. அன்னன்னைக்கு வாங்குறவங்க சாயங்காலம் வேலை முடிச்சு கைல கூலியோட வந்து அரை கிலோ அரிசி, நூறு பருப்பு, பத்து ரூபா எண்ணெய் பாக்கெட், ஷாம்பு ஒரு சாஷே, அஞ்சு ரூபா டீத்தூள் வாங்குவாங்க. ஆட்டோ ஓட்டுறவரு, சித்தாள் வேலை, வீட்டு வேலைக்குப் போற அக்கா, தையல் கடை, பஞ்சர் கடை எல்லாம் இதுல வருவாங்க. இவங்க வீட்ல ஸ்டாக்குன்னு ஒன்னு கிடையாது, எங்க கடை தான் அவங்க ஸ்டோர் ரூமு.

இப்ப பாருங்க, 2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்கு தமிழ்நாட்டுல 144, அன்னைக்கே ராத்திரி 8 மணிக்கு டிவில பிரதமர் பேசி நடுராத்திரில இருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்குன்னு சொல்லிட்டாரு. "வீட்ட விட்டு வராதீங்க, அத்தியாவசியப் பொருள் கிடைக்கும்". இந்த ரூல் மாச லிஸ்ட் வீட்டுக்குன்னு எழுதுன ரூல். அவங்க ஒரு தடவை வந்து ரெண்டு மாசத்துக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க. அன்னன்னைக்கு வாங்குறவங்க அடுத்த நாளும் வந்தாங்க, அதுக்கடுத்த நாளும் வந்தாங்க, வராம எப்படி இருப்பாங்க. அவங்கள பாத்து மாடில இருந்து "இந்த ஜனங்களுக்கு சொன்னா புரியுதா பாருங்க"ன்னு பேசுனவங்க என் கஸ்டமர் தான், அவங்க வீட்ல அப்போ மூணு மூட்டை அரிசி இருந்துச்சு, நான் தான் இறக்கிட்டு வந்தேன்.

இதுல இன்னொன்னு, அவங்க காசு வர்ற நேரம் சாயங்காலம். கடை நேரத்தை மார்ச் 29ல இருந்து காலைல 6 முதல் மதியம் 2.30 வரைக்கும்னு குறைச்சாங்க, ஏப்ரல் 5ல இருந்து மதியம் 1 மணியோட சரி. யாராவது சின்ன வேலை கொடுத்து நூறு இருநூறு கைல வாங்குனவங்களுக்கு, காசு வர்றப்ப கடை இருக்காது. அதனால அந்த வீடுகளோட முழு நாளுமே தலைகீழா ஆச்சு. காலைல 6 மணிக்கெல்லாம் வந்து வட்டத்துல நின்னாங்க. அந்த வெள்ளை வட்டம் ஞாபகம் இருக்கா, கோலமாவுல தான் நான் போட்டேன், மழை தூறுனா போயிடும், அப்புறம் பெயிண்ட் அடிச்சோம்.

வீட்டுக்குள்ள நேரம் எப்படி போச்சுன்னு கேட்டீங்க. எல்லா வீட்டுக்கும் பொதுவா ஒன்னு சொல்லலாம்னா, நாள்ல பாதி சமையல்கட்டுல போச்சு, அதுவும் பொம்பளைங்களுக்கு. முன்னாடி காலைல டிபன் கட்டிக் கொடுத்தா சாயங்காலம் வரைக்கும் வீடு காலியா இருக்கும். இப்ப வீட்டுக்காரர், பிள்ளைங்க, மாமனார் மாமியார்னு எல்லாரும் வீட்ல, மூணு வேளை சாப்பாடு, நடுவுல நாலு டீ, சாயங்காலம் "ஏதாவது இருக்கா". டீத்தூளும் சர்க்கரையும் போன வேகத்துல நான் அந்தப் போக்க முன்னாடி பாத்ததே இல்ல. பாத்திரம் தேய்க்குற சோப்பு அதைவிட. வேலைக்கு வர்ற அக்காக்கள அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல உள்ளயே விடல, அதனால தேய்க்குறதும் துடைக்குறதும் அந்த வீட்டம்மா தலைல. அந்த அக்காவுக்கோ ஏப்ரல் மாசம் பாதி வீட்ல சம்பளம் வரல. ஒரே விஷயம், ரெண்டு வீட்டையும் ரெண்டு பக்கமா அடிச்சுது.

அப்புறம் மைதா. ஐயோ அந்த மைதா. யூடியூப்ல குக்கர்ல கேக்குன்னு எவனோ போட்டுட்டான், ஊரே பேக்கிங் பவுடர் கேட்டு வருது. ஈஸ்ட் கேட்டாங்க, அது நான் வாழ்க்கைல வித்ததே இல்ல. டல்கோனா காபிக்கு இன்ஸ்டன்ட் காபித்தூள் வேணும், நம்மாளுங்க வீட்ல ஃபில்டர் காபி, அதுல அந்த நுரை வராது, ரெண்டு ரூபா சாஷே மாலை மாலையா போச்சு. பரோட்டா கடை மூடிட்டதால வீட்லயே வீச ட்ரை பண்ணி மாவ சுவத்துல ஒட்டுனவங்க கதையெல்லாம் இருக்கு. ஆனா இதெல்லாம் ஏப்ரல் நடுவுல வரைக்கும் தான். மே மாசம் லிஸ்ட்ல மைதா போயிடுச்சு, ரவையும் பொட்டுக்கடலையும் வந்துச்சு. ஐடி கம்பெனில சம்பளத்தைக் குறைக்குறாங்கன்னு பேச்சு வந்ததும் மாச லிஸ்ட் வீட்லயும் முந்திரி திராட்சைல கோடு அடிச்சாங்க. பார்லே-ஜி மட்டும் ரெண்டு வகை வீட்லயும் போச்சு, அந்தக் கம்பெனியே அந்த மாசங்கள்ல இதுவரைக்கும் இல்லாத விற்பனைன்னு சொன்னாங்க, நம்புவேன்.

கடைப் பக்கம் என்ன நடந்துச்சுன்னும் சொல்லணும், ஏன்னா அது நேரா வீட்டுக்குள்ள வந்துச்சு. கடைல வேலை பாத்த பசங்க மார்ச் 23ஆம் தேதியே கோயம்பேட்டுல பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டாங்க, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்த கூட்டத்தை டிவில நீங்களும் பாத்திருப்பீங்க. லோடு இறக்க ஆள் இல்ல. சரக்கு லாரி ஓடலாம்னு அரசாங்கம் சொன்னாலும் டிரைவருக்கு வழில சாப்பாட்டுக் கடை இல்ல. மொத்த வியாபாரி கடன் கிடையாது ரொக்கம் தான்னுட்டாரு. கம்பெனிகள் வகைகளைக் குறைச்சுட்டாங்க, பத்து விதமா வந்த சோப்பு ரெண்டு விதமா வந்துச்சு. உளுந்து, பாசிப்பருப்பு விலை ஏறுச்சு. ஜனங்க எங்கள திட்டுனாங்க, அநியாயமா ஏத்துன கடைக்காரங்க இருந்தாங்க, மறைக்க ஒன்னும் இல்ல. ஆனா சின்ன பாக்கெட் வரத்து நின்னது தான் யாரும் பேசாத விஷயம். பத்து ரூபா எண்ணெய் பாக்கெட் வரல, ஒரு லிட்டர் தான் வருது. நூறு ரூபாய்க்கு மொத்த சாமானும் வாங்குற வீடு ஒரு லிட்டர் எண்ணெய் எப்படி வாங்கும். ராத்திரி நானும் வீட்டுக்காரியும் உக்காந்து பருப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய்னு பொட்டலமும் பையுமா கட்டுவோம், காலைல அது தான் முதல்ல தீரும்.

லிஸ்ட் வாட்ஸ்அப்ல வர ஆரம்பிச்சது அப்ப தான். நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்புவாங்க, "து.ப 1, உ.ப ½, க.ப ¼"ன்னு, கையெழுத்து புரியாம நான் போன் பண்ணி கேட்டா பின்னாடி குழந்தை அழுகுற சத்தம், டிவில பழைய சீரியல், ஆபீஸ் மீட்டிங்ல ஒருத்தர் இங்கிலீஷ்ல பேசுறது, எல்லாம் ஒரே அறைல இருந்து கேக்கும். சிங்கிள் பெட்ரூம்ல அஞ்சு பேரு. மீட்டிங் வந்தா மிக்ஸி போடக் கூடாது, அதனால சட்னி காலைல ஏழு மணிக்குள்ள அரைச்சு வச்சிடணும்னு ஒரு அம்மா சொன்னாங்க. ஸ்கூல் ஆன்லைன் கிளாஸ் ஜூன் ஜூலைல ஆரம்பிச்சதும் வீட்ல ஒரே போன், அப்பா வெளில போனா கிளாஸ் போச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு கல்வித் தொலைக்காட்சில பாடம் போட்டாங்க, அதுக்கும் கேபிள் கனெக்‌ஷனும் கரண்டும் வீட்ல பெரியவங்க ரிமோட்ட விட்டுக் கொடுக்குறதும் வேணும். பத்தாவதுக்கு பரீட்சை தள்ளித் தள்ளி கடைசில ஜூன் 9ஆம் தேதி எல்லாரும் பாஸுன்னுட்டாங்க, காலாண்டு அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம். எங்க தெருல அன்னைக்கு சாக்லேட் டப்பா காலி.

கை கழுவுறதைப் பத்தி ஒரு சின்ன விஷயம். 2019 கோடைல சென்னைல தண்ணி இல்லாம குடத்தோட லாரிக்கு நின்னோம், ஏரியெல்லாம் வறண்டு உலக நியூஸ்லயே வந்துச்சு. அடுத்த வருஷமே இருபது செகண்ட் குழாயடில கை கழுவுன்னு சொல்றாங்க. கொரோனா 2019ல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன். சாமானையே கழுவுனாங்க தம்பி, பால் பாக்கெட்ட சோப்பு போட்டு, காய்கறிய மஞ்சள் உப்புத் தண்ணில போட்டு, ரூபா நோட்ட அயர்ன் பண்ணி. வாசல்ல வேப்பிலைக் கொத்து, தெருவுக்கு மஞ்சள் தண்ணி. மஞ்சத்தூள், மிளகு, சுக்கு மூணும் கடைல நிக்கவே இல்ல, கபசுரக் குடிநீர் பொடி கேட்டு வந்தவங்கள சித்த மருந்துக் கடைக்கு அனுப்பி அனுப்பி வாய் வலிச்சுது.

ஏப்ரல் 25ஆம் தேதிக்கு வர்றேன், ப்ராஜெக்ட்ல இத கண்டிப்பா எழுதுங்க. ஏப்ரல் 26 முதல் 29 வரைக்கும் சென்னை, கோவை, மதுரைல முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாதுன்னு 24ஆம் தேதி அறிவிச்சாங்க. நடுவுல ஒரே ஒரு நாள். ரெண்டு வகை வீடும் ஒரே நாள் ஒரே வரிசைல நின்னது அன்னைக்கு தான். மாச லிஸ்ட் வீட்டுக்காரங்க வீட்ல இருக்குற சாமான் மேலயே இன்னும் வாங்க வந்தாங்க, அன்னன்னைக்கு வாங்குறவங்க நாலு நாளைக்கு சேர்த்து வாங்கக் காசு இல்லாம கடன் சொல்ல வந்தாங்க. கூட்டம் தாங்காம கடை நேரத்தை 3 மணி வரைக்கும் நீட்டுனாங்க. சமூக இடைவெளியாவது ஒன்னாவது, ஒரு மாசமா காப்பாத்துன வட்டமெல்லாம் ஒரு நாள்ல போச்சு. அடுத்த நாள் அட்சய திருதியை வேற, வழக்கமா நகைக்கடைல நிக்குற கூட்டம் அந்த வருஷம் முந்தின நாளே மளிகைக் கடைல நின்னுச்சு. அது முடிஞ்ச கொஞ்ச நாள்ல கோயம்பேடு மார்க்கெட்ல தொற்று பரவி மே 5ல அத மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தை திருமழிசைக்கு மாத்துனாங்க. தக்காளி வெங்காயம் விலைய பாத்துட்டு வீட்டு சமையல் மறுபடி மாறுச்சு, வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், மோர்மிளகாய், கருவாடு. கோயம்பேடு திரும்பத் திறக்க செப்டம்பர் 28 ஆச்சு.

அன்னன்னைக்கு வாங்குற வீட்ட நிஜமா காப்பாத்துனது எதுன்னு கேட்டா ரேஷன் தான். அரிசி கார்டுக்கு 1000 ரூபா, ஏப்ரல் மாசத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசம், தேதியும் நேரமும் போட்ட டோக்கன் வீட்டுக்கே வந்துச்சு. மத்திய அரசுப் பக்கம் ஜன்தன் கணக்கு வச்சிருந்த பொம்பளைங்களுக்கு மூணு மாசம் 500 ரூபா. நான் மளிகைக் கடைக்காரன், ரேஷன்ல கொடுத்தா எனக்கு வியாபாரம் குறையும், கூட்டுறவுல 19 சாமான் 500 ரூபாய்க்கு ஒரு பை வேற போட்டாங்க, அப்பவும் சொல்றேன், அது இல்லன்னா எங்க ஏரியால பாதி அடுப்பு எரிஞ்சிருக்காது. அம்மா உணவகத்துல ஒரு ரூபா இட்லி, நடுவுல கொஞ்ச நாள் அதையும் இலவசமாவே கொடுத்தாங்க, அங்க வரிசைல முன்னாடி நின்னவங்கள்ல எனக்குத் தெரிஞ்ச தையல்காரர் இருந்தாரு, என்ன பாத்ததும் மாஸ்க்க மேல இழுத்துக்கிட்டாரு.

டாஸ்மாக்கைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன். சென்னைல மார்ச் கடைசில மூடுன கடை ஆகஸ்ட் 18 தான் திறந்துச்சு. மத்த மாவட்டத்துல மே 7 திறந்து, கோர்ட் மூடச் சொல்லி, அந்த உத்தரவுக்கு சுப்ரீம் கோர்ட் தடை போட்டு மறுபடி திறந்தாங்க, சென்னைல மட்டும் திறக்கல. கிட்டத்தட்ட அஞ்சு மாசம், அதுல வருமானமே இல்லாத சில வீடுங்க என்கிட்ட பழைய பாக்கிய அடைச்சாங்க. கணக்கு இடிக்குதேன்னு பாத்தா, இலவச ரேஷனும், குடிக்கப் போகாத காசும். எல்லா வீட்லயும் அப்படின்னு சொல்ல மாட்டேன், கை நடுக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன வீடும், பொண்டாட்டிய அடிக்குறது ராத்திரில இருந்து பகலுக்கு மாறுன வீடும் அதே தெருல இருந்துச்சு. வெளில போக வழி இல்லாதப்ப அந்த அம்மாவுக்கு பத்து நிமிஷம் கிடைச்ச இடம் என் கடை வரிசை. "அண்ணாச்சி மெதுவா போடுங்க, அவசரம் இல்ல"ன்னு சொல்லும் அது.

மாச லிஸ்ட் வீட்டுக்கு அடி எங்க விழுந்துச்சுன்னா கரண்ட் பில்லுல. இத விளக்கமா சொல்றேன். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். அப்போ இருந்த கணக்குப்படி முதல் 100 யூனிட் இலவசம், மொத்தம் 200க்கு மேல போய் 500 யூனிட்டுக்குள்ள முடிஞ்சா 101ல இருந்து 200 வரை ரெண்டு ரூபா, அதுக்கு மேல மூணு ரூபா, நிலைக் கட்டணம் 30, ஆக 500 யூனிட்டுக்கு 1130 ரூபா. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆச்சுன்னா மொத்த ரேட்டும் மாறிடும், 3.50, 4.60, 6.60னு, நிலைக் கட்டணம் 50, பில்லு 1786 ரூபாய்க்குப் போயிடும். ஒரு யூனிட்டுக்கு 650 ரூபாய்க்கு மேல. இப்ப கோடை காலம், வீட்ல எல்லாரும் இருக்காங்க, பகல்லயும் ஃபேனு, லேப்டாப், வசதி இருந்தா ஏசி. வழக்கமா 380, 400ல நிக்குற வீடு சத்தமில்லாம 500ஐத் தாண்டிடுச்சு. அதுல வேற லாக்டவுன்ல ரீடிங் எடுக்க ஆள் வரல, போன தடவை கட்டுன தொகையையே கட்டுங்கன்னாங்க, அப்புறம் நாலு மாசத்துக்கு மொத்தமா ரீடிங் எடுத்து ரெண்டா பிரிச்சு கணக்கு போட்டு, கட்டுனதைக் கழிச்சாங்க. கட்டுன பணத்தைக் கழிச்சது தப்பு, அதுக்குரிய யூனிட்டைத் தான் கழிக்கணும்னு ஹைகோர்ட் வரைக்கும் கேஸ் போய் ஜூலைல தள்ளுபடி ஆச்சு. அந்த மாசம் வாடகை குறைச்சுக் கொடுக்காத ஹவுஸ் ஓனர், சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு ரூபான்னு வாங்குனவங்க, அதெல்லாம் தனிக் கதை.

ஜூன் 19ல இருந்து மறுபடி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுல இறுக்குனாங்க. அதுக்குள்ள ஜனங்களுக்குப் பழகிடுச்சு, பயமும் போயிடுச்சு, வீட்ல முடி வெட்டிக்கப் பழகியிருந்தாங்க, ஜூலை ஆகஸ்ட் ஞாயித்துக்கிழமை முழு ஊரடங்குன்னா சனிக்கிழமையே கறி வாங்கி வச்சாங்க. பயம்னா அது வாசல்ல மாநகராட்சி ஒட்டுற ஸ்டிக்கருக்கும், தெருவ அடைக்குற தகரத்துக்கும் தான். தகரம் அடிச்ச வீட்டுக்கு சாமான் கொண்டு போய் வாசல்ல வச்சுட்டு போன் பண்ணுவேன், அவங்க ஜிபேல காசு போட்டுட்டு ஜன்னல்ல கையாட்டுவாங்க. அந்த வீட்டுப் பக்கம் நடக்கக் கூடாதுன்னு எதிர் வரிசைல நடந்தவங்க அதே வருஷம் தீபாவளிக்கு அவங்க வீட்ல இருந்து வந்த அதிரசம் தின்னாங்க.

2021 வேற மாதிரி, அதையும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க. மே 10ல இருந்து ஊரடங்கு, கடை முதல்ல மதியம் 12 வரைக்கும், 15ஆம் தேதில இருந்து காலைல 10 வரைக்கும், 24ல இருந்து மளிகையும் அடைப்பு, காய்கறி மட்டும் வண்டில தெருவுக்கு வந்துச்சு. கடுமைன்னு பாத்தா போன வருஷத்தைவிட கடுமை. ஆனா இந்த தடவை யாரும் மைதா கேக்கல. ஆக்ஸிஜன், பெட்டு, யாருக்கு எங்க கிடைக்கும்னு தான் பேச்சு. லிஸ்ட்ல குளுக்கோஸ், எலுமிச்சை, முட்டை, கஞ்சிக்கு நொய், அவ்ளோ தான். வழக்கமா லிஸ்ட் அனுப்புற நம்பர்ல இருந்து மெசேஜ் வராம போனா நானா போன் பண்ண மாட்டேன், பயம். அரசாங்கம் ரெண்டு தவணையா 4000 ரூபாயும், ஜூன்ல 14 மளிகை சாமானும் கொடுத்துச்சு.

கடன் நோட்டு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தோணும். பெருசா நிலுவை வச்சது மாச லிஸ்ட் வீடு தான், வேலை போய் வீட்ட காலி பண்ணி சொந்த ஊருக்குப் போனவங்க, நம்பர் மாத்திட்டாங்க. அன்னன்னைக்கு வாங்குறவங்க அம்பது நூறா ரெண்டு வருஷம் கொண்டு வந்து கொடுத்தாங்க, அவங்களுக்கு நாளைக்கும் என் கடை வேணுமே. இப்ப மாச லிஸ்ட் வீடு பாதிக்கு மேல போன்ல இருக்குற டெலிவரி ஆப்புக்குப் போயிடுச்சு, பத்து நிமிஷத்துல வருதாம்.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு யோசனை. ஆளுங்கள கேட்டா எல்லாரும் "கஷ்டமா இருந்துச்சு, ஆனா குடும்பத்தோட இருந்தோம்"னு ஒரே மாதிரி சொல்லுவாங்க. அதுக்குப் பதிலா உங்க தெருல ஒரு நாலஞ்சு வீட்ல கரண்ட் ரீடிங் எழுதுற வெள்ளை அட்டைய எடுத்து 2020 மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பாருங்க, பால் கணக்கு எழுதுன காலண்டர் யாராவது வச்சிருந்தா அதையும் கேளுங்க, வாட்ஸ்அப்ல பழைய லிஸ்ட் போட்டோ இருக்கும். வீட்ல அம்மாட்ட தனியா உக்காந்து அன்னைக்கு எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க, எத்தனை மணிக்குப் படுத்தீங்கன்னு மட்டும் கேளுங்க. என் கடை நோட்டு வேணும்னா பேர மறைச்சு காட்டுறேன், மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கூட்டம் இருக்காது, அப்ப வாங்க.